முப்பத்திரண்டு ஃபோர்டு எங்கே போனது? ஹாட் ராட் சந்திப்புகளில் ஆரம்பகால வண்டிகள் குறைவது பற்றி

வறண்ட ஏரி:
அமெரிக்காவில் ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்) என்று பெயர் போட்டு நடக்கும் சந்திப்புகளில் ஹாட் ராட்தான் குறைந்துகொண்டே வருகிறது. நான் சொல்வது ஆரம்பகால வண்டிகளை: ஃபோர்டு மாடல் டி, 1928 முதல் 31 வரையிலான மாடல் ஏ, அப்புறம் 1932 ஃபோர்டு. மட்கார்டைக் கழற்றி, கூரையை வெட்டித் தாழ்த்தி, பிளாட்ஹெட் வி8 என்ற ஃபோர்டின் பழைய எட்டு சிலிண்டர் இன்ஜினைப் பூட்டி, கலிபோர்னியாவின் முரோக், எல் மிராஜ் வறண்ட ஏரிகளில் பறந்த வண்டிகள் இவை. இன்று மைதானத்தில் வரிசைகட்டி நிற்பவை பிற்கால வண்டிகளான கமாரோ, மஸ்டாங், 1967–72 ஷெவர்லே சி10 பிக்கப்.

இதற்கு முதல் காரணம் ஏற்பாட்டாளர்கள்தான். குட்கைஸ் அமைப்பின் சந்திப்புகளில் 1972 வரை தயாரான வண்டிகள் மட்டும் என்று இருந்த எல்லை 1987 ஆனது, இப்போது 1999. நேஷனல் ஸ்ட்ரீட் ராட் அசோசியேஷன் 1970-இல் தொடங்கியபோது 1948 வரையிலான வண்டிகளுக்கு மட்டும்தான் இடம். அந்த எல்லையைப் பல பத்தாண்டுகள் காத்துவிட்டு, கடைசியில் முப்பது வயது ஆன எந்த வண்டியும் வரலாம் என்று திறந்துவிட்டார்கள். கதவை அகலமாகத் திறந்தால் கூட்டம் வரும், நுழைவுக் கட்டணமும் வரும். ஆனால் எந்த வண்டியின் பெயரில் சந்திப்பு தொடங்கியதோ அது ஓரத்துக்குப் போய்விட்டது.

எட்டு சிலிண்டர்:
ஏரி அண்ணே, ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 1940-இல் 1932 ஃபோர்டுக்கு வயது எட்டு. புதிதாக வந்தபோதே 500 டாலருக்குக் கீழே விற்ற வண்டி அது. எட்டு வருடத்தில் பழைய வண்டி மைதானத்திலும் காயலான் கடையிலும் சல்லிசாகக் கிடைத்தது. அதனால்தான் பையன்கள் அதை எடுத்தார்கள். அதன் அழகு பற்றிய பேச்செல்லாம் பிறகு வந்தது.

அப்படிப் பார்த்தால் கைக்கு எட்டும் விலையில் ஒரு பழைய வண்டியை வாங்கி, தேவையில்லாததைக் கழற்றி, இருப்பதைவிடப் பெரிய இன்ஜினைப் பூட்டுவதுதான் ஹாட் ராட். இன்று அதே வேலையை ஒரு இருபது வயதுப் பையன் சி10-இல் செய்கிறான், எண்பதுகளின் மஸ்டாங்கில் செய்கிறான். அசல் 32 ரோட்ஸ்டர் (நிலையான கூரை இல்லாத திறந்த கார்) உடலை அவனால் வாங்க முடியாது. விலையை ஏற்றியது அவன் அல்ல, சேகரிப்பாளர்கள். 1997-இல் பெபிள் பீச் கார் கண்காட்சியில் ஹாட் ராடுக்குத் தனிப் பிரிவு வைத்தார்கள், டோன் ஸ்பென்சர் உருவாக்கிய 32 ரோட்ஸ்டர் அதில் வென்றது. பெரிய கௌரவம்தான். ஆனால் அதன் பிறகு இந்த வண்டிகள் ஓவியம் மாதிரி கைமாறத் தொடங்கின. தெருவில் காணவில்லை என்று இப்போது வருத்தப்பட்டு என்ன செய்வது?

வறண்ட ஏரி:
செய்முறைதான் ஹாட் ராட் என்றால் ஜப்பான் வண்டியில் டர்போ பூட்டுவதும் ஹாட் ராட்தான். அந்தப் பையன்களின் திறமை மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அது வேறு மரபு, அதற்கு அதன் சொந்தப் பெயர் இருக்கிறது. 1950-இல் ஓக்லண்டில் நடந்த ரோட்ஸ்டர் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது பில் நீகாம்பின் 1929 மாடல் ஏ. அந்த வண்டி கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவில்லை. இரண்டு வருடம் கழித்து எல் மிராஜில் மணிக்கு 142 மைலைத் தொட்டது. பார்க்க அழகு, ஓட்டினால் வேகம், இரண்டும் ஒரே வண்டியில். இதைக் கண்ணால் பார்க்காத தலைமுறைக்கு இது எப்படிப் புரியும்? அதே கண்காட்சி இப்போது பொமோனாவில் நடக்கிறது. அந்தப் பரிசுக்கு இன்றும் 1937 வரையிலான ரோட்ஸ்டர்களைத்தான் ஏற்கிறார்கள். அவர்கள் எல்லையை விடாமல் வைத்திருக்கும்போது மற்றவர்களால் ஏன் முடியாது?

பட்டறைக்காரர்:
விதி, விலை என்று இருவரும் பேசுகிறீர்கள். கையில் கிரீஸ் படும் விஷயத்தை யாரும் தொடவில்லை.

பிளாட்ஹெட்டில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்குக்குள்ளேயே இருக்கும். எரிந்த புகை வெளியேற வேண்டுமானால் தண்ணீர் ஓடும் பிளாக்கைக் குடைந்துதான் வர வேண்டும். போதாக்குறைக்கு ஒவ்வொரு பக்கமும் நடு இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே வெளியேற்றத் துளை. கோடை நெரிசலில் மாட்டினால் ரேடியேட்டர் கொதிக்கத் தொடங்கிவிடும். 1932-இல் அது கொடுத்தது 65 குதிரைத்திறன். அதைக் கூட்ட வேண்டுமானால் கேம் மாற்ற வேண்டும், ஸ்ட்ரோம்பெர்க் 97 கார்ப்பரேட்டர் இரண்டோ மூன்றோ வைத்து எல்லாவற்றையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவர வேண்டும். பிரேக் கதையும் அப்படித்தான். ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு வந்ததே 1939-இல். அதற்கு முந்தைய வண்டியில் கம்பி இழுத்துத்தான் பிரேக் பிடிக்கும். அதனால்தான் அந்தக் காலத்திலேயே 1939 முதல் 48 வரையிலான வண்டிகளின் பிரேக்கைக் கழற்றி 32-இல் போட்டார்கள். மாடல் ஏ இன்ஜினுக்கு பேபிட் உலோகத்தை உருக்கி ஊற்றித்தான் பேரிங் செய்ய வேண்டும். அந்த வேலை தெரிந்தவரைத் தேடிப் போக வேண்டிய நிலை இன்று.

ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) எல்எஸ் என்ற வி8 இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 1997 கார்வெட்டில் வந்தது, அப்புறம் ஜிஎம் பிக்கப்களுக்கும் அதே குடும்பம்தான். காயலான் கடையில் கிடைக்கிறது, எந்த ஊரிலும் பழுது பார்க்க ஆள் இருக்கிறது. குடும்பத்தோடு ஏசி போட்டுக்கொண்டு 500 மைல் போய் வரலாம். கதவில் கண்ணாடியே இல்லாத ரோட்ஸ்டரில் மனைவியும் இரண்டு குழந்தைகளும் எங்கே உட்காருவார்கள்? முதல் தலைமுறைக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேரும்போது வண்டி பிள்ளைகளிடம் வருகிறது. அதை ஸ்டார்ட் செய்யும் பக்குவம் கூடவே வருவதில்லை. விற்றுவிடுகிறார்கள்.

மிஷிகன் மலர்:
குறைந்துவிட்டது என்பதையே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரிய மைதானத்தில் தேடினால் கிடைக்காதுதான். நியூ ஜெர்சியின் வைல்ட்வுட் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். தி ரேஸ் ஆஃப் ஜென்டில்மென் என்று 2012-இல் தொடங்கிய பந்தயத்தில் பழைய ஃபோர்டுகள் ஈர மணலில் ஜோடி ஜோடியாகப் பாய்கின்றன. ஓட்டுபவர்களில் இளைஞர்களும் பெண்களும் இருக்கிறார்கள். வேல்ஸில் பெண்டைன் மணற்பரப்பிலும் போருக்கு முந்தைய பாணி ஹாட் ராட்கள் ஓடுகின்றன. அசல் உடல் கிடைக்காவிட்டால் ஒஹாயோவில் புரூக்வில் நிறுவனம் மாடல் ஏ, 32 ரோட்ஸ்டர் உடல்களைப் புதிய எஃகில் செய்து தருகிறது. பத்தாயிரம் வண்டிகளுக்கு நடுவில் நூறு 32 நிற்பதைவிட, நூறு வண்டி மட்டும் வந்து அத்தனையும் ஓடுவதுதான் எனக்குப் பெரிது.

எட்டு சிலிண்டர்:
மலர் சொன்ன புது எஃகு உடலை வைத்தே கேட்கிறேன். நேற்று அச்சில் அழுத்திய தகடு, புது சேசிஸ், எல்எஸ் இன்ஜின், ஏசி. பதிவில் மட்டும் 1932. அண்ணே, அது உங்கள் கணக்கில் ஆரம்பகால ஹாட் ராட், ஆனால் ஐம்பது வருடம் தெருவில் ஓடிய சி10 வெளியாள். இது நியாயமா?

வறண்ட ஏரி:
அந்தக் காலத்திலும் நாலு வண்டியின் பாகத்தைச் சேர்த்துத்தான் ஒரு வண்டி செய்தார்கள். அதனால் புதுத் தகட்டை நான் ஒதுக்க மாட்டேன். எல்எஸ், ஏசி வைத்தால் அது ஸ்ட்ரீட் ராட், அதையும் நான் ஆரம்பகாலக் கணக்கில் சேர்க்கவில்லை. ஏற்பாட்டாளர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். 1934-க்கு முந்தைய உருவம், பழைய முறை இன்ஜின் உள்ள வண்டிகளுக்கு நுழைவாயில் அருகே தனி இடம் கொடுங்கள். இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர் அப்படி ஒன்றை ஓட்டி வந்தால் கட்டணம் வாங்காதீர்கள். பட்டறைக்காரர் போன்றவர்களைக் கூப்பிட்டு, கார்ப்பரேட்டர் சரிசெய்வதை அங்கேயே கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

பட்டறைக்காரர்:
கற்றுக்கொடுக்க நான் தயார். கயிறு கட்டிய இடத்தில் அல்ல, பானெட்டைத் திறந்து வைத்து, பையன்கள் கையில் ஸ்பேனரைக் கொடுத்து.

எட்டு சிலிண்டர்:
கற்றுக்கொடுப்பது சரி, நானும் வருவேன். நுழைவாயில் அருகே தனி இடத்துக்கு மட்டும் சம்மதிக்க மாட்டேன். சி10 பையனின் வண்டிக்குப் பக்கத்திலேயே மாடல் ஏ-யை நிறுத்துங்கள். அடுத்து அதை ஓட்டப்போகிறவன் அவன்தான்.