சூடேறியதும் சார்ஜ் நின்றுவிடும் அம்பாசிடர்: டயோடா, ரோட்டரா?

வணக்கம். காரைக்குடியில் என் தந்தையார் காலத்திலிருந்து ஓடும் 1998 மாடல் டீசல் அம்பாசிடரில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சரியாக ஏறும் சார்ஜ், அரை மணி நேரம் ஓடிச் சூடேறியதும் நின்றுவிடுகிறது. சித்திரை வெயில் தொடங்கியதிலிருந்து இந்தத் தொல்லை.

காலையில் வண்டியைக் கிளப்பியதும் பேட்டரி முனைகளில் 14.1 வோல்ட் காட்டும் மல்டிமீட்டர், சூடான பிறகு முகப்பு விளக்கைப் போட்டால் 12.3-க்கு இறங்குகிறது, அப்போது டாஷ்போர்டில் உள்ள சிவப்பு சார்ஜ் விளக்கு முழுதாக எரியாமல், இருட்டில் மட்டுமே தெரியும் அளவுக்கு மங்கலாக ஒளிர்கிறது. அந்த மங்கல் ஒளியில்தான் துப்பு இருப்பதாக எனக்குப் படுகிறது.

பேட்டரி புதியது. பெல்ட்டை இறுக்கி, எர்த் கம்பியின் இரு முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்து, ஆல்டர்னேட்டரின் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரியை ஏற்றும் கருவி) கார்பன் பிரஷ்ஷையும், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் மாற்றியாயிற்று. சார்ஜ் நின்றிருக்கும் வேளையில் ஆல்டர்னேட்டரின் பெரிய முனையிலும் அதே 12.3 வோல்ட்தான் வருகிறது என்பதால், இடையிலுள்ள வயரைச் சந்தேகிக்க இடமில்லை. ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். ஒரு சிறு பாகத்தின் கோளாறுக்காக அதை முழுதாகத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை.

சூட்டில் செயலிழப்பது டயோடு தட்டா (மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் பாகம்) அல்லது ரோட்டர் சுருளா (உள்ளே சுழன்று காந்தப்புலம் தரும் கம்பிச் சுருள்) என்பதை, ஆல்டர்னேட்டரைக் கழற்றாமல் வண்டியில் வைத்தே எப்படிச் சோதித்துப் பிரித்தறிவது?