மூட்டு, எலும்புக் கோளாறுக்கு நாய்க்கு எம்.ஆர்.ஐ எடுத்த அனுபவங்கள்

தாம்பரத்துக்காரர்:
எங்கள் டாஷுண்டு இன நாய்க்கு ஓர் இரவில் பின்னங்கால்கள் இரண்டும் விழுந்துவிட்டன. இடுப்பு மூட்டுதான் காரணம் என்று எடுத்த எக்ஸ்ரேயில் குறையேதும் இல்லை. எம்.ஆர்.ஐக்கு முன் மருத்துவர் இடுக்கியால் கால்விரலை அழுத்தியபோது கால் சட்டென்று உள்ளே போனதும் உணர்ச்சி இருக்கிறதென்று மகிழ்ந்தேன். "காலை இழுக்க மூளை தேவையில்லை, தண்டுவடமே போதும், திரும்பிப் பார்க்கிறானா என்றுதான் கவனிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் இன்னும் பலமாக அழுத்தினார். அவன் திரும்பி அவர் கையைக் கடிக்கப் பாய்ந்தான். முதுகெலும்பு வட்டு பிதுங்கித் தண்டுவடத்தை நெரித்திருந்ததைப் படம் காட்டியது. அறுவைக்குப் பின் நடக்கிறான். அந்தச் சில நொடிகள்தாம் இன்னும் என்னை விடவில்லை. எக்ஸ்ரேயோடு நிறுத்திவிடாதீர்கள்.

கோவை லாப்ரடார்:
அது முதுகுத்தண்டின் கதை. அதை வைத்து நொண்டும் நாய்க்கெல்லாம் எம்.ஆர்.ஐ என்பது சரியன்று. எங்களிடமும் அதைத்தான் முதலில் கேட்டார்கள். வேறொரு மருத்துவர் இலேசான மயக்கத்தில் தொடையெலும்பைப் பிடித்துக்கொண்டு கீழ்க்கால் எலும்பை முன்னே தள்ளியபோது, அது மேசை இழுப்பறையைப் போல வழுக்கி வந்ததை நானே கண்டேன். முழங்கால் லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) அறுந்திருந்தது கைக்கே தெரிந்துவிட்டது. முழங்கை மூட்டில் எலும்புத் துணுக்கு உடைந்திருந்தாலும் சி.டி. ஸ்கேனே தெளிவாகக் காட்டும்.

ராஜபாளையம் வளர்ப்பவர்:
எங்கள் நாய்க்குத் தோள்பட்டையில் எம்.ஆர்.ஐ எடுத்தார்கள். தசைநாணில் வீக்கம், அவ்வளவுதான். எடுக்கப்போகிறவர்கள் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். அசையாமல் கிடக்க முழு மயக்கம் தேவை என்பதால் முன்னதாக இரத்தப் பரிசோதனை வேண்டும். எவ்வளவு நேரம் பட்டினி போடுவது என்பதை மருத்துவரே சொல்லட்டும். அடையாளத்துக்காகத் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பால் பொதுவாக ஆபத்தில்லை, ஆயினும் அதைச் சுற்றிப் படம் கறுத்துவிடும்; பழைய முறிவுக்கு வைத்த உலோகத் தகடு இருந்தால் அந்த இடமே தெரியாமல் போகலாம், ஆகையால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மணி கட்டிய கழுத்துப்பட்டையை வீட்டிலேயே கழற்றிவிடலாம். கருவியின் காந்த வலிமை 1.5 டெஸ்லாவா, அதைவிடக் குறைந்ததா என்றும் விசாரியுங்கள். பூனையின் முழங்கால் போன்ற சிறு மூட்டுக்கு அந்த வேறுபாடு பெரிது. எந்த மூட்டு என்று கைப்பரிசோதனையில் தீர்மானிக்காமல் உடல் முழுவதையும் படமெடுக்கச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

தாம்பரத்துக்காரர்:
கோவை நண்பருக்கு: நொண்டுவதும் காலை இழுத்துக்கொண்டு போவதும் ஒன்றல்ல என்பதே நான் சொல்லவந்தது. நிற்கவைத்துத் தாங்கிப் பிடித்தபடி, பாதத்தை மடக்கி அதன் மேற்புறம் தரையில் படுமாறு வைத்துப் பாருங்கள். நாய் அதை உடனே நிமிர்த்திக்கொள்ளாவிட்டால், கோளாறு மூட்டில் அன்றி நரம்பில் இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்போது லிகமென்ட்டைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை.