‘டிட் நாட் வென்ட்’ என்று எழுதும் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது?

வெண்ணாறு (மன்னார்குடி):
எட்டாவது படிக்கும் மகள் ‘கோ, வென்ட், கான்’ அட்டவணையைக் கடகடவென்று ஒப்பிக்கிறாள். வாக்கியம் எழுதச் சொன்னால் ‘ஷீ டிட் நாட் வென்ட்’, ‘ஐ ஹேவ் சா’, ‘ஹி டஸ் நாட் கோஸ்’ என்று வருகிறது. சுழித்துக் காட்டினால் திருத்திக்கொள்கிறாள்; மறுநாள் பழையபடிதான். எங்கிருந்து தொடங்கலாம்?

அரசலாறு (கும்பகோணம்):
வடிவங்கள் மனப்பாடமாக இருப்பது நல்லதுதான். எதை எங்கே வைப்பது என்பதைத்தான் யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. அதை முடிவு செய்வது முன்னால் நிற்கும் துணைவினை.

டூ, டஸ், டிட், கேன், வில், மஸ்ட் வந்தால் பின்னால் முதல் வடிவம் மட்டும். ஹேவ், ஹேஸ், ஹேட் என்றால் மூன்றாம் வடிவம். இஸ், ஆர், வாஸ் போன்றவை வந்தால் இரண்டு வழி: நடந்துகொண்டிருக்கும் செயல் என்றால் ‘இங்’ வடிவம், செயப்பாட்டுவினை என்றால் மூன்றாம் வடிவம். இரண்டாம் வடிவம் தனியாகத்தான் நிற்கும், அதற்குத் துணைவினையே கிடையாது. இது மனதில் பதிந்தால் ‘டிட் வென்ட்’, ‘ஹேவ் சா’ இரண்டும் போய்விடும்.

காரணத்தையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இதுவும் இன்னொரு மனப்பாடம். காலத்தைக் காட்டுவது முதலில் வரும் ஒரே சொல். ‘டிட்’ இறந்தகாலத்தை எடுத்துக்கொண்டது. ‘டஸ்’ அந்த ‘எஸ்’ஸை எடுத்துக்கொண்டது. பின்னால் வரும் ‘கோ’வுக்கு இரண்டும் தேவையில்லை. ‘போனாள்’ என்பதை மறுக்கும்போது ‘போனாளில்லை’ என்றா பேசுகிறோம்? ‘போகவில்லை’ என்கிறோம், காலமும் பாலும் உதிர்ந்து ‘போக’ மட்டும் மிஞ்சுகிறது. போக முடியும், போக வேண்டும் என்பதும் அப்படியே: கேன் கோ, மஸ்ட் கோ. ‘போக’ என்று நிற்கும் இடத்தில் முதல் வடிவம்.

குடமுருட்டி (திருவையாறு):
அதில் ஒரு விலக்கு உண்டு. ‘திறக்கப்பட்டது’ என்பதிலும் ‘திறக்க’ இருக்கிறது. அங்கே மூன்றாம் வடிவம்தான். 2023 ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது: ‘த டேம் வாஸ் ஓபன்ட்’. திறந்தார்கள் என்றால் ‘தே ஓபன்ட் த டேம்’, அது இரண்டாம் வடிவம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதனால் ‘ஓபன்’, ‘வாக்’ மாதிரி ‘இடி’ சேரும் வினைகளில் பயிற்சி கொடுத்தால் பிள்ளை எதைத் தேர்ந்தெடுத்தது என்றே நமக்குத் தெரியாது. ‘கட்’, ‘புட்’ இன்னும் மோசம், மூன்றும் ஒன்றே.

மூன்றும் வேறுபடும் வினைகளாக எடுங்கள்: டேக்-டுக்-டேக்கன், ரைட்-ரோட்-ரிட்டன், சீ-சா-சீன். ஒரு வினைக்கு ஐந்து வாக்கியம்: ஷீ டேக்ஸ், ஷீ டுக், ஷீ டிட் நாட் டேக், ஷீ ஹேஸ் டேக்கன், ஷீ இஸ் டேக்கிங். ‘கம்-கேம்-கம்’, ‘ரன்-ரேன்-ரன்’ கடைசியில் வரட்டும். முதலும் மூன்றும் ஒன்றாக இருப்பதால் ‘ஹேஸ் கேம்’ என்று எழுதிவிடுவார்கள்.

வெண்ணாறு:
ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம்: ‘வேர் டிட் ஷீ கோ?’ என்பதில் ‘டிட்’ இருக்கிறது. ‘ஹூ வென்ட்?’ என்பதில் ஏன் இல்லை?

அரசலாறு:
அங்கே ‘ஹூ’வே எழுவாய். ‘ராணி வென்ட்’ என்பதில் ராணியை எடுத்துவிட்டு ‘ஹூ’ வைத்தால் கேள்வி தயார். வரிசை மாறவில்லை, ‘டிட்’டுக்கு வேலையில்லை. எழுவாய் வேறாக இருந்தால் ‘டிட்’ வந்தாக வேண்டும்: ‘ஹூ டிட் ஷீ சீ?’ மறுப்பிலும் வரும்: ‘ஹூ டிட் நாட் கோ?’