கதை சொல்கிறவளையே நம்ப முடியவில்லை, தொடர்ந்து படிக்கலாமா?

கேள்வி:
ஒரு க்ரைம் த்ரில்லரில் பாதி தாண்டிவிட்டேன், இதுவரை ஒருவரைக்கூடப் பிடிக்கவில்லை. கணவன் வாயைத் திறந்தால் பொய், தங்கைக்குச் சொத்துமேலேயே கண், விசாரிக்க வரும் இன்ஸ்பெக்டரும் சரியில்லை. கதையைச் சொல்கிறவளோ அன்றிரவு வீட்டைவிட்டு வெளியே போகவே இல்லை என்று முதல் அத்தியாயத்தில் சத்தியம் செய்கிறாள், ஏழாவதில் சேறு ஒட்டிய செருப்பைக் கழுவியதைப் போகிறபோக்கில் சொல்கிறாள். இவளை நம்பி மீதியையும் ஏன் படிக்க வேண்டும்? இந்த வகையை விரும்பிப் படிப்பவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு படிக்கிறீர்கள்?

பதில் 1:
அந்தச் செருப்பைத்தான்! அவள் மறைக்க நினைத்தது அவளை அறியாமல் வெளியே வந்துவிட்டது, இனி ஒவ்வொரு வரியையும் நீங்கள் சந்தேகத்தோடுதான் படிப்பீர்கள், இந்த வகையின் சுகமே அதுதான். பாத்திரங்கள் நல்லவர்களாக இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. அவர்களுக்கு என்ன வேண்டும், அதற்காக எதுவரை போவார்கள் என்று தெரிந்தால் போதும். கில்லியன் ஃபிளின்னின் ‘கான் கேர்ள்’ (2012) நாவலில் வரும் கணவன் மனைவி இருவரோடும் ஒரு வேளை உட்கார்ந்து பேச முடியாது, ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை.

பதில் 2:
எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. எல்லோரும் கெட்டவர்கள் என்றால் ஆழம் வந்துவிடும் என்று நினைத்து எழுதுகிறவர்கள் நிறையப் பேர், யார் செத்தாலும் நமக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம், பொய் சொல்வது வேறு, நினைவில்லாமல் போவது வேறு. பாலா ஹாக்கின்ஸ் எழுதிய ‘தி கேர்ள் ஆன் தி ட்ரெய்ன்’ (2015) நாவலின் ரேச்சலுக்குக் குடியால் நினைவு தப்பிவிடுகிறது, அந்த இரவில் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரியாது. அவள்மீது எரிச்சல் வரும், ஆனால் அவளுடைய பயம் நமக்கும் ஒட்டிக்கொள்ளும். உங்கள் கதாநாயகி இதில் எந்த ரகம்?

பதில் 3:
அகதா கிறிஸ்டியின் ‘ரோஜர் அக்ராய்ட்’ கொலைக்கதையை (1926) இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள், முடிவைச் சொல்லப் போகிறேன்.

கதை சொல்லும் டாக்டர்தான் கொலைகாரர். ஆனால் அவர் நேரடியாகப் பொய் சொல்வதே இல்லை. கடிதம் வந்தது 8.40, தான் அறையைவிட்டுக் கிளம்பியது 8.50 என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நடுவில் அந்தப் பத்து நிமிடம் என்ன நடந்தது என்று நாம் கேட்பதே இல்லை! கடைசியில் அவரே அந்த இடத்தைச் சுட்டிக்காட்டித் தன் எழுத்தை மெச்சிக்கொள்கிறார். இது வாசகரை ஏமாற்றும் வேலை என்று கோபப்பட்டவர்களும் உண்டு, எனக்கு நூற்றுக்கு நூறு நேர்மையான ஆட்டம், ஏனென்றால் தடயம் நம் கண்முன்னேதான் கிடந்தது.

கேள்வி கேட்டவர்:
பதில் 2-க்கு: இவள் தெரிந்தேதான் மறைக்கிறாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சரி, முடித்துவிடுகிறேன். ஆனால் எல்லாம் கனவு என்றோ, அதுவரை எட்டிப் பார்க்காத புது ஆள் ஒருவன்தான் கொலைகாரன் என்றோ முடித்தால் இந்த எழுத்தாளரை இனித் தொடமாட்டேன்.