மறுமொழி: ஓல்ட்-டைம் ஸ்டிரிங் பேண்ட் – தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம். நம் அகராதிக்கு "ஓல்ட்-டைம் ஸ்டிரிங் பேண்ட்" என்பதற்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஃபிடில் (வயலின்), பேஞ்சோ (தோல் போர்த்திய வட்ட உடலும் நீண்ட கழுத்தும் உள்ள நரம்புக் கருவி) முதலியவற்றை வாசிக்கும் பழைய நாட்டுப்புற இசைக் குழு அது. வந்த யோசனைகளுக்கு என் மறுமொழி இது.

> "மலைநாட்டுப் பழம்பாட்டுக் குழு" என்று வைக்கலாமே. அப்பலாச்சிய மலைகளில் வளர்ந்த இசைதானே?

ஐயா, "மலை" வேண்டாம் என்பது என் கருத்து. வட கரோலினாவின் ரவுண்ட் பீக் பக்கத்து டாமி ஜாரெல் (1901–1985) வாசித்த ஃபிடிலைக் கேட்டால் மலைநாட்டின் பங்கு விளங்கும், மறுக்கவில்லை. ஆனால் அதே மாநிலத்தில், மலையை விட்டு வெகுதூரம் கிழக்கே, மெபேன் ஊரில் ஜோ தாம்சன் (1918–2012) இருந்தார். கறுப்பினக் குடும்பம், வழிவழியாக ஃபிடில், பேஞ்சோ வாசித்தவர்கள். 2005 முதல் அவர் வீட்டுக்குப் போய்க் கற்ற இளைஞர்கள்தாம் கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்ற இசைக்குழுவினர். பேஞ்சோவின் மூதாதையே மேற்கு ஆப்பிரிக்கச் சுரைக்குடுக்கைக் கருவிகள். "மலை" என்று எழுதினால் இவர்களை நம் அகராதியும் வெளியே நிறுத்திவிடும்.

"பழம்" என்பதும் இடிக்கிறது. "ஓல்ட்-டைம்" என்பதே 1920களில் ஓக்கே என்ற இசைத்தட்டு நிறுவனம் வெள்ளையர் தட்டுகளுக்கு ஒட்டிய விற்பனைச் சீட்டு. கறுப்பினத்தவர் பாடியவற்றை "ரேஸ் ரெகார்ட்ஸ்" என்று தனியே பிரித்து, ப்ளூஸ் என்ற கறுப்பினப் பாடல் வகையையே பெரிதும் கேட்டு வாங்கினார்கள். அவர்களுடைய ஃபிடில்-பேஞ்சோ வாசிப்பு தட்டில் ஏறியது மிகக் குறைவு. கடைக்காரர் பிரித்த பிரிவை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

> "ஆட்ட இசைக் குழு"?

சனிக்கிழமை இரவு ஆட்டத்துக்கு வாசித்தது உண்மை. சில கிறித்தவ சபைகள் ஃபிடிலைச் சாத்தானின் பெட்டி என்றே ஒதுக்கின. ஆனாலும் 1927-ல் அமெரிக்காவின் பிரிஸ்டல் ஊரில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பியர் ஒலிப்பதிவு செய்தபோது, எர்னஸ்ட் ஸ்டோன்மன் குழுவினர் நரம்புக் கருவிகளோடு பாடியவற்றில் பல பக்திப் பாடல்கள். ஆட்டம் என்று பெயரிட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பக்திப் பாட்டு விடுபடும்.

ஆகவே எங்கு, எப்போது, எதற்கு என்பதை விட்டுவிட்டு, எதைக் கொண்டு வாசிக்கிறார்கள் என்பதையே பெயராக்கலாம். என் முன்மொழிவு: நரம்பிசைக் குழு. தோல், துளை, நரம்பு, கஞ்சம் (உலோகத் தாளக் கருவி) என்ற நம் இசைக்கருவிப் பகுப்பில் இது இயல்பாக உட்காருகிறது. கம்பி வருமுன் ஃபிடிலுக்கும் பேஞ்சோவுக்கும் விலங்குக் குடல் நரம்பே கட்டினார்கள் என்பதால் பொருளும் பொருந்தும். "தந்தி" என்றால் தபால் நிலையம் நினைவுக்கு வருகிறது. "நரம்பியம்" அழகான சொல், பல கருவி இசையைக் குறிக்கும் பல்லியம் போல. ஆனால் வேகமாகப் படிப்பவர் நரம்பியல் மருத்துவத்துக்குப் போய்விடுவார்.

இசைவகைக்கு "மரபு நரம்பிசை". நம் வீணையும் அதில் அடங்குமே என்ற கேள்வி நியாயமானது. முதல் முறை "அமெரிக்கத் தென்மாநில மரபு நரம்பிசை" என்று முழுதாக எழுதி, பிறகு சுருக்கலாம். இதிலிருந்து பின்னர் கிளைத்த ப்ளூகிராஸ் என்ற இசைவகைக்கு இதைப் போடக்கூடாது. அங்கே ஒவ்வொருவராக முன்வந்து தனி வாசிப்புக் காட்டுவார்கள். இங்கே ஃபிடிலும் பேஞ்சோவும் ஒரே மெட்டைச் சேர்ந்து பிடித்துக்கொண்டு, திரும்பத் திரும்ப அதையே சுற்றுவார்கள். அந்தச் சுற்றில்தான் இதன் உயிரே இருக்கிறது.

பேஞ்சோவின் குட்டையான ஐந்தாம் நரம்புக்கும் ஒரு சொல் வேண்டும். கட்டைவிரல் அதை மீட்ட மீட்ட, மேல் சுரம் ஒன்று மாறாமல் ஒலிக்கும். தாளமும் அதிலேயே விழும். வீணையின் பக்கத் தந்திகள் செய்யும் வேலை இதுவே. அதனால் "பக்க நரம்பு" என்கிறேன்.

அமெரிக்கக் கிறித்தவப் பக்திப் பாடலான காஸ்பலை இப்போதைக்கு "காஸ்பல் பாடல்" என்றே விடுவோம். "நற்செய்திப் பாடல்" என்றால் நம் ஊரில் ஊழியக் கூட்டப் பாட்டு என்று கொள்வார்கள். "கீர்த்தனை" தமிழ்த் திருச்சபைக்கே உரிய வடிவம். அதை எடுத்து இங்கே ஒட்டுவது முறையில்லை.

நகத்தின் பின்புறத்தால் கீழ்நோக்கி அடிக்கும் கிளாஹாமர் என்ற பேஞ்சோ வாசிப்பு முறைக்கு "நக அடி" போதுமா? வீணை, கோட்டு வாத்தியம் வாசிப்பவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்.