மனௌஸ் ஸ்டேடியம்: நாலு மேட்சுக்காகக் கட்டியது சரியா?

கோல்கம்பம்:
2014 உலகக் கோப்பைக்காக அமேசான் காட்டுக்கு நடுவில் இருக்கும் மனௌஸ் நகரத்தில் பிரேசில் ஒரு ஸ்டேடியம் கட்டியது. பெயர் அரேனா ட அமசோனியா. 1970-ல் திறந்த விவால்டாவ் மைதானத்தை இடித்துவிட்டு, சுமார் 67 கோடி ரெயால் (பிரேசில் பணம்) செலவில் எழுப்பினார்கள். அங்கே நடந்த உலகக் கோப்பை ஆட்டங்கள் நாலுதான். அப்போது அந்த ஊர் கிளப் ஒன்றுகூட முதல் மூன்று டிவிஷனில் இல்லை. பக்கத்து மாநிலத்துப் பெலெம் நகரத்தில் ரெமோ, பைசாண்டு என்று உயிரைக் கொடுக்கிற ரசிகர் கூட்டமுள்ள இரண்டு கிளப்புகள். ஆட்டத்தை அங்கே கொடுத்திருக்க வேண்டும். இது பெரிய தவறு.

மழைக்காடு:
நண்பரே, கிளப் இல்லாத ஊர் என்று மனௌஸை ஒதுக்குவதை ஏற்க முடியாது. 2019-ல் நாலாம் டிவிஷன் இறுதியாட்டம் அங்கேதான் நடந்தது. உள்ளூர் கிளப்பான மனௌஸ் எஃப்சி பெனால்டியில் புருஸ்கே கிளப்பிடம் தோற்றது. பார்க்க வந்தவர்கள் 44 ஆயிரத்துக்கும் மேல்! நாலாம் டிவிஷனுக்கு! அதே வருடம் மனௌஸில் தொடங்கிய இன்னொரு கிளப், அமசோனாஸ் எஃப்சி, 2023-ல் மூன்றாம் டிவிஷன் சாம்பியன். ஊருக்குள் இப்படி ஒரு மைதானம் இருந்தால்தான் பையன்களுக்கு ஆசை வரும்.

பழைய டிஃபெண்டர்:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கட்டுமானத்தில் மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். 2013 டிசம்பரில் ஒருவர் கூரை வேலையில் மேலிருந்து விழுந்தார். கூரை இரும்பு போர்ச்சுகலிலிருந்து கப்பலில் வந்தது. போட்டி தேதி நெருங்க நெருங்க அவசரம். எனக்கு இதுதான் முதல் கணக்கு. ரெயால் கணக்கெல்லாம் பிறகு.

மழைக்காடு:
அதில் மறுபேச்சே இல்லை, அண்ணா. அந்த உயிர்களுக்கு எந்தக் கோப்பையும் ஈடாகாது. ஆனால் அது வேலை நடத்தியவர்களின் குற்றம். ஊர் என்ன செய்யும்?

கோல்கம்பம்:
2019 கூட்டம் நிஜம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிச்ச நாட்களில்? வெயிலிலும் ஈரத்திலும் அந்தக் கூரையையும் புல்லையும் பராமரிப்பது மாநில அரசுப் பணம். போட்டிக்குப் பிறகு அங்கே கைதிகளை வைக்கலாம் என்று ஒரு நீதிபதியே யோசனை சொன்னார் என்றால், என்ன செய்வதென்று முன்கூட்டி யாரும் திட்டமிடவில்லை என்றுதானே அர்த்தம்? பெலெமில் மாங்கெய்ராவ் ஸ்டேடியம் ஏற்கெனவே இருந்தது. அதைச் சீர்செய்திருந்தால் போதும். மனௌஸ் பையன்களுக்கு அந்தப் பணத்தில் பேட்டைக்கு ஒரு புல்தரை போட்டிருக்கலாம்.

மழைக்காடு:
புல்தரையும் வேண்டும், ஸ்டேடியமும் வேண்டும். ரியோவின் பெரிய கிளப் ஃபிளமெங்கோ 2024-ல் பிரேசில் கோப்பைக்காக அமசோனாஸோடு ஆட மனௌஸுக்கே வந்தது. விவால்டாவ் இருந்த காலத்துப் பெரியவர்கள் பேரன்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கக்கூடிய ஆட்டம் அது. அதை வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை.