நடுக்கம் நின்றால்தான் பயம்

தண்டையார்பேட்டை, முன்னாள் ராணுவ ஓட்டுநர்:

மார்கழி பிறந்ததும் மங்கி குல்லாவைத் தேடுகிற ஊர் நம்முடையது. இந்த ஊர்க்காரன் லடாக்கில் லாரி ஓட்டினேன் என்றால், உடம்பு எப்படித் தாங்கியது என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் தாங்கியது உடுப்பு. 3,500 மீட்டர் உயரத்து லே நகரில் மெல்லிய காற்று சில நாளில் பழகிவிட்டது. குளிர் கடைசிவரை பழகவில்லை.

கர்துங் லா கணவாய் ஏற்றத்தில் டயருக்குச் சங்கிலி மாட்டும்போது கொக்கி சிக்கிக்கொண்டது. உடன் வந்த பையன் கையுறையைக் கழற்றிவிட்டு மாட்டினான். முடித்துப் பார்த்தால் ஆள்காட்டி விரல் நுனி மெழுகு நிறத்தில் வெளுத்திருக்கிறது. வலியே இல்லை என்று சிரித்தான். அதைக் கேட்டதும் ஹவில்தாரின் முகம் மாறியது. பனியை அள்ளித் தேய்க்கப் போன இன்னொருவரை ஓர் அதட்டல் போட்டு நிறுத்தினார். உறைந்த சதையைத் தேய்த்தால் உள்ளே சிதைந்துவிடும். பையனின் கையைத் தன் கோட்டுக்குள் அக்குளில் வைத்து இறுக்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பையன் அலறினான். "அலறட்டும், ரத்தம் திரும்புகிறது" என்றார். நகம் கறுத்து விழுந்ததோடு விரல் தப்பியது.

காசிமேடு, விசைப்படகுத் தொழிலாளி:

அண்ணா, வெறுங்கையால் ஐஸ் வாரிப் போடும்போது முதலில் விரல் குத்தும், பிறகு மரத்துப்போகும். ஐந்து பத்து நிமிடம் போனால் தானாகவே சிவந்து சூடேறும், மறுபடி மரக்கும். புதுப் பையன்கள் அதற்குள் கையை உதறிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். இது பழக்கம்தானா?

பழைய வண்ணாரப்பேட்டை, செவிலியர்:

பழக்கமும் உண்டு அண்ணா. குளிர் பட்டதும் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். இதயமும் மூளையும் பிழைத்தால் போதும், விரல் போனால் போகட்டும் என்பது உடம்பின் கணக்கு. ஆனாலும் விரல் நுனிக் குழாய்கள் இடையிடையே திறந்து ரத்தம் விடும். பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1930இல் இதை விவரித்தார். குளிர்க்கடல் மீனவர்களுக்கு இது வலுவாக இருப்பதைப் பின்னால் கண்டார்கள்.

உள்சூடு 37 டிகிரியிலிருந்து 35க்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்குகிறது. பல் கிட்டுகிற நடுக்கம் நல்லது. தசைகள் அப்படித்தான் சூடு உண்டாக்குகின்றன. 32, 30 என்று இறங்கும்போது நடுக்கம் அடங்கிவிடும். பேச்சு குழறும். வெக்கையாக இருக்கிறது என்று சட்டையைக் கழற்றுகிறவர்களும் உண்டு. 'நடுக்கம் நின்றுவிட்டது, தூங்கட்டும்' என்று நம் வீடுகளில் சொல்வது காய்ச்சலுக்குப் பொருந்தும். பனியில் அப்படி விட்டால் ஆள் எழுந்திருக்க மாட்டார். நனைந்துவிட்டால் இன்னும் மோசம். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைப் பறிக்கும்.

திருவொற்றியூர், கல்லூரி மாணவர்:

ஐயா, டிசம்பரில் லடாக் போகிறோம். ரம் குடித்தால் குளிர் தெரியாது என்கிறார்களே?

தண்டையார்பேட்டை, முன்னாள் ராணுவ ஓட்டுநர்:

தெரியாது தம்பி, அதுதான் வம்பு. தோலுக்கு ரத்தம் பாய்ந்து கதகதப்பாகத் தோன்றும். உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். எங்கள் சுபேதார், வேலை முடிந்து கணப்பருகே உட்கார்ந்த பிறகுதான் ஊற்றவே விடுவார். பருத்திப் பனியனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், வேர்வையில் நனைந்தால் காயாது. பூட்ஸ் ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும். இறுக்கினால் விரலுக்கு ரத்தம் போகாது. பர்மா பஜாரில் ஜாக்கெட் வாங்குவதானால் கையுறையோடு ஜிப்பை இழுத்துப் பாருங்கள். வரவில்லையா, அடுத்த கடைக்குப் போங்கள்.